ஹாஜிகளின் பாதங்கள்



ஹலாலான வழியில் பணம் சேர்த்து விட்டோம். கடன்களைத் தீர்த்து விட்டோம். உற்றார் உறவினரிடம் மன்னிப்பும் கேட்டு விட்டோம். தல்பியாவும் துஆக்களும் மனனமாகி வருகின்றன. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால், இத்தனை கடமைகளுக்கும் நம்மைச் சுமந்து செல்லப் போகும் இரண்டு பாதங்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

செருப்பைப் பற்றியா மார்க்கம் பேசும் என்று சிலர் கேட்கலாம். பேசியிருக்கிறது. ஒரு போர்ப் பயணத்தின் போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள், செருப்புகளை நிறைய வைத்துக் கொள்ளுமாறும், காலில் செருப்பு இருக்கும் வரை மனிதன் வாகனத்தில் ஏறியவனைப் போன்றவனே என்றும் கருத்துப்பட அருளியதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

செருப்பின் அருமையை ஸஹாபாக்கள் தங்கள் பாதங்களாலேயே அறிந்தவர்கள். 'தாத்துர் ரிகாஉ' போருக்குச் சென்றபோது ஆறு பேருக்கு ஓர் ஒட்டகமே இருந்தது. நடந்து நடந்து பாதங்கள் தேய்ந்து, நகங்கள் உதிர்ந்து, கந்தல் துணிகளைக் காலில் சுற்றிக் கொண்டு அவர்கள் நடந்தார்கள். அந்தக் கந்தல்களாலேயே அப்போருக்கு அப்பெயர் வந்தது என்கிறார்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள். இதைச் சொன்ன பின்னர், தம்முடைய நற்செயலை வெளிப்படுத்தி விட்டோமே என்று அவர்கள் வருந்தினார்கள். அவர்கள் பட்ட துன்பம் வேறு வழியின்றி வந்தது. அதையும் மறைக்கவே விரும்பினார்கள்.

இங்கேதான் நாம் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்தால் நன்மை கூடும் என்று நம் மக்களில் சிலர் எண்ணுகின்றனர். உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் சகோதரி, அல்லாஹ்வின் இல்லத்திற்கு வெறுங்காலோடு நடந்து செல்வதாக நேர்ந்து கொண்டார்கள். நபி (ஸல்) அவர்களோ, அவர் நடக்கவும் செய்யட்டும், வாகனத்தில் ஏறவும் செய்யட்டும் என்றே தீர்ப்பளித்தார்கள். நடந்தே செல்வதாக நேர்ந்து, இரு மகன்கள் தாங்கிப் பிடிக்கத் தள்ளாடி நடந்த முதியவரைக் கண்டபோதும், இவர் தம்மைத் தாமே வதைத்துக் கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்தில் கூறி, வாகனத்தில் ஏறும்படி ஏவினார்கள்.

அப்படியானால், சிரமத்திற்கு ஏற்பவே நற்கூலி என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் நாயகம் அவர்கள் கூறியதாக வந்துள்ளதே என்று கேட்கலாம். கடமையைச் செய்யும்போது தானாக வரும் சிரமத்திற்குக் கூலி உண்டு. நாமாகத் தேடிக் கொள்ளும் வதைக்கு அல்ல. இந்த வேறுபாட்டை மறந்தால், வணக்கம் வீம்பாகி விடும்.

இனி சட்டத்திற்கு வருவோம். இஹ்ராமில் இருக்கும் ஆண்கள் ஷூவும் காலுறையும் அணியக் கூடாது. மேற்பாதத்தின் நடுவிலுள்ள எலும்பும் கணுக்காலும் திறந்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபு. விரல்களும் குதிகாலும் திறந்திருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இவையனைத்தும் வெளியே தெரியும் செருப்பை எடுத்துக் கொண்டால் இரு சாராருக்கும் ஐயமில்லை. செருப்பில் தையல் இருக்கலாமா என்று பலர் கலங்குகின்றனர். தடுக்கப்பட்டது உடலின் அளவுக்குத் தைக்கப்பட்ட ஆடையே ஆகும். செருப்பின் வாரில் உள்ள தையலால் குற்றமில்லை. தாய்மார்களுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. அவர்கள் காலுறையும் மூடிய காலணியும் தாராளமாக அணியலாம்.

நடை எவ்வளவு என்பதையும் அறிந்து கொள்வோம். ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை செல்வதே ஏறத்தாழ 3 கிலோ மீட்டர். மினாவிலிருந்து அரஃபாத் ஏறத்தாழ 14 கிலோ மீட்டர். அங்கிருந்து முஸ்தலிஃபா ஏறத்தாழ 9 கிலோ மீட்டர். பஸ்ஸிலோ ரயிலிலோ செல்பவர்களும் கூடாரத்திலிருந்து ஜம்ராக்களுக்குப் போய்வர நெடுந்தூரம் நடந்தே ஆக வேண்டியிருக்கும்.

ஆகவே, புறப்படும் வாரத்தில் அவசரமாகப் புதுச்செருப்பு வாங்காதீர்கள். புதுச்செருப்பு கடிக்கும். இரண்டு மாதங்களுக்கு முன்பே வாங்கி, பஜ்ருத் தொழுகைக்குப் பின் தினமும் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு மணி நேரம் வரை அதில் நடந்து பழகுங்கள். மாலை நேரத்தில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். பயணத்திலும் அப்படித்தான் இருக்கும். இரு கால்களிலும் அணிந்து எழுந்து நின்று பாருங்கள். தேய்ந்த, மெல்லிய ரப்பர் செருப்பு சூடான தாரையும் கல்லையும் தடுக்காது. விரலிடுக்கு வார் உறுத்துமானால், மேலே பட்டையுள்ள செருப்பே நல்லது. பத்தாம் நாள் தலைமுடி களைந்து இஹ்ராமின் முதல் விடுதலை கிடைத்த பின் ஆண்களும் ஷூவும் காலுறையும் அணியலாம். எனவே அடுத்த நாட்களின் கல்லெறிதலுக்கு, பழகிய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடியும் பெட்டியில் இருக்கட்டும்.

ஹரமுக்குச் செல்லும்போது ஒரு சிறு துணிப்பை அவசியம். செருப்பை வாசலில் விட்டு, வேறு வாசல் வழியே வெளியேறி, கொதிக்கும் சாலையில் வெறுங்காலோடு தவிப்போர் பலர். சர்க்கரை நோயாளிகள் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும். சுடுவது தெரியாமலே தோல் வெந்து விடும். இரவில் படுக்குமுன் உள்ளங்காலைப் பார்த்துக் கொள்ளட்டும். தங்களால் குனிய இயலாவிட்டால் உடன் வந்தவர் பார்த்துச் சொல்லட்டும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். இஹ்ராமில் வெடிப்புக்கு மருந்து பூசினால், அது வாசனையற்றதாக இருக்கட்டும்.

பெற்றோரை ஹஜ்ஜுக்கு அனுப்பும் பிள்ளைகளே! பல லட்சம் செலவழித்து அனுப்புகிறீர்கள். நல்லதொரு செருப்பை நீங்களே அவர்கள் காலில் அணிவித்துப் பாருங்கள். அரஃபாத்தில் கையேந்தி நிற்கும் வேளையில் உங்கள் தாயின் எண்ணம் புண்ணான காலில் இருக்க வேண்டுமா, உங்களுக்கான துஆவில் இருக்க வேண்டுமா?

அணியும்போது வலது காலை முற்படுத்துவோம். கழற்றும்போது இடது காலை முற்படுத்துவோம். இந்தச் சிறு ஸுன்னத்தால் ஒவ்வொரு நாளின் நடையும் வணக்கமாகும்.

யா அல்லாஹ்! உன் இல்லம் நாடி வரும் பாதங்களை உறுதியாக்குவாயாக! நாளை ஸிராத்தில் அவற்றைச் சறுக்காமல் காப்பாயாக! ஆமீன்.