குடியத்துக் குகைகளும் நமது நாவும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தினர் காலையில் புறப்பட்டு மஃரிபுக்குள் இல்லம் திரும்பத்தக்க தொலைவில் குடியம் குகைகள் உள்ளன. பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அப்பால், முட்புதர்க் காட்டினூடே நடந்து செல்லவேண்டும். கூழாங்கற்கள் பொதிந்த செம்பாறை பெருங்கூரையெனக் கவிந்து நிற்கும். குகை என்றவுடன் இருண்ட பொந்தினை எண்ணிவிடலாகாது. முற்றம் போல் திறந்த இடம் அது. 1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்து கற்கருவிகளைக் கண்டனர். அண்மையிலுள்ள அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் தொன்மை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்கிறது 2011இல் வெளிவந்த ஆய்வு.

அங்குச் செல்ல விழையும் இளைஞரைப் பெரியவர்கள் சிலர் தடுக்கின்றனர். அழிந்தொழிந்த கூட்டத்தாரின் இடத்தில் உல்லாசம் கூடுமா என்பது அன்னாரின் வினா. வினாவுக்கு அடிப்படை இல்லாமலில்லை. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் செல்லும் வழியில், மலையைக் குடைந்து வாழ்ந்த ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியைக் கடந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அழுதவண்ணமன்றி அங்கு நுழையலாகாதெனத் தம் தோழர்களைத் தடுத்தார்கள். அவ்வூர்க் கிணற்று நீரில் பிசைந்த மாவையும் ஒட்டகங்களுக்கு இடச் செய்தார்கள்.

ஆனால் அத்தடைக்குக் காரணம் ஊர் பாழானதன்று. அவ்வூரார் இழைத்த அநீதி. அதை நமக்கு அறிவித்தது வஹீ. ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் ஒட்டகத்தை அவர்கள் அறுத்த செய்தி திருமறையில் உண்டு. குடியத்தில் கல் செதுக்கிய மாந்தரைக் குறித்து எந்த வஹீ வந்தது? மறைந்தார்கள், அவ்வளவே. மார்க்கோ போலோ புகழ்ந்த காயல் துறைமுகமும் தாமிரபரணியின் வண்டலால் தூர்ந்தது. அங்கு வாழ்ந்த நம் முன்னோரையும் தண்டிக்கப்பட்டோர் என்போமா? குகையே அஞ்சத்தக்கதெனில், ஸவ்ர் குகையை என்னென்பது!

இது சுற்றுலா பற்றிய சிறு வழக்கன்று. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர, அடையாறு கரைபுரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. அப்போது, நனையாத திண்ணைகளில் அமர்ந்து, "அவர்கள் செய்ததற்குக் கிடைத்தது" என்று பேசியோரை நாம் செவியாரக் கேட்டோம். வஹீ வராத காரியத்தில் வஹீ பெற்றவர் போலத் தீர்ப்புரைக்க எவருக்கு உரிமை? ஹிஜ்ரிலும்கூட, அவர்களைப் பிடித்தது நம்மையும் பிடிக்குமோ என்ற அச்சமே அவ்வழுகைக்குக் காரணமாய்ச் சொல்லப்பட்டது. எதிர்வீட்டாரை நோக்கி விரல் நீட்ட அங்கே இடமில்லை.

ஆகவே குடியத்துக்குப் போகலாம் என்பதே நம் கருத்து. 1985இல் பூண்டியில் நிறுவப்பெற்ற தொல்பழங்கால அருங்காட்சியகத்தை முதலில் கண்டு செல்லுதல் நலம். கைக்கோடரி ஒரு மனிதனின் உள்ளங்கைக்கென்று செதுக்கப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். குடிநீரை உடன் கொண்டு செல்க; அங்குக் கிடக்கும் கற்களை எடுத்துவர வேண்டாம்.