ஒத்திவைக்க முடியாத வாழ்வு



டுபாய்க்கோ, அபுதாபிக்கோ, தோஹாவுக்கோ ஒருவர் புறப்படுகிறார் என்று அறிந்தவுடன் எம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதாகும். "எத்தனை வருட ஒப்பந்தம்?" என்பது இரண்டாவது. "சாப்பாடும் இருப்பிடமும் கொடுப்பார்களா?" என்பது மூன்றாவது. இவை கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. இவற்றைக் கேளாமற் போனவர்கள் பட்ட துன்பங்களை நாம் அறிவோம். ஆயினும் எவரும் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அங்கே கழியப்போகும் வருடங்கள் எப்படிப்பட்டவை? அவை அவருடைய வாழ்வின் பகுதியா? அல்லது பின்னொரு நாள் வாழப்போகும் வாழ்வுக்குப் பணம் சேர்க்கும் காலம் மட்டுமா?

இது வெறும் ஏட்டுக் கேள்வி என்று எண்ண வேண்டாம். இதற்கு நாம் கொடுக்கும் விடையைப் பொறுத்தே ஒருவர் அங்கிருந்து முழு மனிதராகத் திரும்புவதும், திரும்பாமற் போவதும் அமைகின்றன. போகிறவர் மாத்திரமன்றி, அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பவரும் சிந்திக்க வேண்டிய விடயம் இது.

மணலில் எழுந்த நகரம்

முதலில், போய்ச் சேரும் இடம் எத்தகையது என்பதைப் பார்ப்போம். டுபாய் நகரையே உதாரணமாகக் கொள்வோம். நூறு வருடங்களுக்கு முன் அது முத்துக்குளிப்பையும் சிறு வணிகத்தையும் நம்பியிருந்த ஒரு கரையோர ஊர். 1930களில் யப்பானிய வளர்ப்பு முத்துக்களும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்த முத்து வணிகத்தை வீழ்த்தின. 1966இல் அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1971 டிசெம்பரில் ஐக்கிய அரபு இராச்சியம் உருவாயிற்று. 1979இல் ஜெபல் அலித் துறைமுகம் திறக்கப்பட்டது. 2010இல் 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீபா கோபுரம் திறக்கப்பட்டது. இவையெல்லாம் ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

அந்த நகரில் இயற்கை தானாகத் தருவது மிகச் சொற்பம். குழாயில் வரும் நீர் பெரும்பாலும் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறப்படுவது. வீதியோர மரத்துக்கும் குழாய் மூலமே நீர் போகிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 100 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதே நகரில் 2024 ஏப்ரல் 16ஆந் திகதி பெய்த பெருமழையில் வீதிகள் ஆறாகி, விமான நிலையமும் தடுமாறியது. கோடையில் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும்; 45 பாகையைத் தொடும் நாட்களும் உண்டு. கடலின் ஈரமும் அதனோடு சேரும்பொழுது இரவிலும் உடம்பு ஆறாது. ஆகவே வருடத்தின் நான்கைந்து மாதங்கள் குளிரூட்டிய அறை, குளிரூட்டிய வாகனம், குளிரூட்டிய கடை என்றே கழியும். வெளியில் வேலை செய்வோருக்காக, ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நண்பகல் 12.30 தொடக்கம் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதி அந்நாட்டில் உண்டு. போகிறவர் இதனை அறிந்திருப்பது நல்லது.

இந்த நகரைப் பழித்துரைப்பது எமது நோக்கமன்று. மணலில் இத்தகைய நகரை எழுப்பியது மனித முயற்சியின் பெருமையே. ஆனால் அதை எழுப்பிய கைகளில் மிகப் பெரும்பாலானவை அந்நாட்டவரின் கைகளல்ல. இங்கேதான் எமது கேள்வி தொடங்குகிறது.

விருந்தினன் என்னும் நிலை

அந்நாட்டில் வாழ்வோரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். அவர்களுள் பெரும்பாலானோரின் வதிவிட அனுமதி வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால், குறித்த தவணைக்குள் வேறு வேலை தேட வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். இருபது வருடம் உழைத்தாலும் அதனால் மட்டும் குடியுரிமை கிடைக்காது. அங்கே பிறக்கும் எம்மவரின் பிள்ளையும் வெளிநாட்டுப் பிள்ளையே. 2019 முதல் நீண்டகால வதிவிட அனுமதிகள் வழங்கப்படுகின்றன. ஆனால் அவை முதலீட்டாளருக்கும் உயர்தகைமை உடையோருக்கும் உரியவை. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவருக்கு அவை எட்டாத கனிகள்.

இது நீதியா? அவசரப்பட்டு விடை சொல்லிவிடக் கூடாது. ஒரு வகையில் அந்நகரம் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. "உன் உழைப்பு வேண்டும், அதற்குக் கூலி உண்டு, ஆனால் நீ இங்கே விருந்தினன்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. வருமான வரி எடுக்காத கூலி அது. சட்டமும் சில பாதுகாப்புக்களைத் தருகிறது. தொழிலாளியின் கடவுச்சீட்டை எசமான் பறித்து வைத்திருப்பது அங்கே சட்டவிரோதம். ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதும் அவ்வாறே. ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு முதல் ஐந்து வருடங்களில் வருடமொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதன் பின் வருடத்துக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளைக் கூட்டி எழுதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும். வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம் உண்டு. தமக்கு உரியதை அவர்கள் புறப்படுமுன்னரே கேட்டறிய வேண்டும்.

ஆனால் இருவர் சம்மதித்துவிட்டார்கள் என்பதனால் மட்டும் ஒப்பந்தம் நீதியானதாகிவிடாது. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடல் வற்புறுத்திய உண்மை இதுவே. பசியும் கடனும் கழுத்தைப் பிடித்திருக்கையில் ஒருவன் எதற்கும் சம்மதிப்பான். அந்தச் சம்மதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள எசமானுக்கும் உரிமையில்லை, முகவருக்கும் உரிமையில்லை.

சுழியோடியின் கடன்

எமது கரையில் நடந்த வரலாறு ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்பு நடைபெற்றபொழுது, பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுச் சுழியோடிகளும் வந்து எமது கடலில் மூழ்கினார்கள். அன்று அவர்கள் எமது மணலில் கொட்டில் போட்டுத் தங்கிய பருவகாலத் தொழிலாளர். இன்று நாம் அவர்களது மணலில். காலம் இப்படித்தான் ஆட்களை இடம் மாற்றி வைக்கிறது.

வளைகுடாவில் அந்தச் சுழியோடிகளின் வாழ்வு எப்படியிருந்தது? பருவம் தொடங்குமுன் கப்பல் தலைவனிடம் முற்பணம் வாங்குவார்கள். பருவ முடிவில் கிடைக்கும் பங்கு அந்தக் கடனுக்கே போதாது. கடன் தீரும்வரை வேறு கப்பலுக்கு மாற முடியாது. சங்கிலி காலில் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

இன்று எம்மவர் சிலர் காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை அடகு வைத்து, முகவருக்குப் பணம் கட்டிப் புறப்படுவதைப் பார்க்கும்பொழுது அந்தக் கணக்குப் புத்தகமே நினைவுக்கு வருகிறது. கடனோடு போகிறவருக்கு "இந்த வேலை வேண்டாம்" என்று சொல்லும் சுதந்திரம் இல்லை. சொன்ன சம்பளம் வேறு, கொடுக்கும் சம்பளம் வேறு என்றாலும் அவர் வாய் திறக்க மாட்டார். எனவே புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முகவரின் அனுமதிப்பத்திரத்தை விசாரிப்பதும், ஒப்பந்தத்தை விளங்கும் மொழியில் வாசிப்பிப்பதும், அதன் பிரதியொன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போவதும் வெறும் புத்திசாலித்தனமல்ல. தன் சுதந்திரத்தைக் காக்கும் கடமை.

"இன்னும் இரண்டு வருடம்"

சட்டம் காக்க முடியாத ஓர் இடம் உண்டு. அது போகிறவரின் மனம்.

கடனை அடைத்தவுடன் வந்துவிடுவேன் என்று போகிறார். கடன் அடைகிறது. தங்கைக்குச் சீதனம் வேண்டும். இன்னும் இரண்டு வருடம். பின்னர் கல்வீடு, இன்னும் இரண்டு வருடம். பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடி எழுப்பிவிட்டார். இன்னும் இரண்டு வருடம். இதற்கிடையில் மகள் பெரியவளாகிவிட்டாள். மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. தகப்பன் அவர்களுக்குத் தொலைபேசித் திரையில் தெரியும் ஒரு முகம். குடும்பத்தைக் கூட்டிப்போகலாமே என்றால், அதற்கு மாதம் 4,000 திர்ஹம் சம்பளமோ, இருப்பிடத்துடன் 3,000 திர்ஹமோ இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. எம்மவரில் பலருக்கு அது கைகூடுவதில்லை.

அங்கேயோ அவர் எதிலும் வேர் விடுவதில்லை. "நான் இங்கே வாழ வரவில்லை, உழைக்க வந்தேன்" என்கிறார். அயலவரின் பெயர் தெரியாது. ஆறேழு வருடமாகியும் அரபு மொழியில் நான்கு வார்த்தை வராது. நோய் வந்தால் மருந்தெடுக்க மனமில்லை. சிரிப்பதைக்கூட ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.

ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட், மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று கற்பித்தார். இதை எசமானுக்கு எதிரான நீதியாக நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர் பிறரை மட்டும் சொல்லவில்லை. ஒருவன் தன்னையும் வெறும் கருவியாக நடத்தலாகாது என்றும் சேர்த்தே சொன்னார். "என்னைப் பணம் உழைக்கும் இயந்திரமாகப் பார்க்கிறார்கள்" என்று நோகின்றவர், தன்னைத் தானே அப்படிப் பார்க்கவில்லையா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தியாகம் வேறு, ஒத்திவைப்பு வேறு

"சுவாமி, வயிற்றில் ஈரத்துணி கட்டியவனுக்கு மெய்யியல் எதற்கு? பிள்ளைகளுக்காகத் தன்னை உருக்குவது பாவமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தான் உண்ணாமல் பிள்ளைக்கு ஊட்டும் தாயை எவரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் தியாகத்துக்கு ஓர் அளவு தெரியும். யாருக்காக, எதற்காக, எதுவரை என்பதை அது அறிந்திருக்கும். ஒத்திவைப்புக்கு அந்த அளவு இல்லை. "போதும்" என்ற சொல்லை அது மறந்துவிடுகிறது. தாய் தன் உணவைக் கொடுக்கிறாள், தாய்மையைக் கொடுத்துவிடுவதில்லை. பணத்தை அனுப்பத் தொடங்கி, தகப்பன் என்ற இடத்தையே விட்டுக்கொடுத்துவிடுவது தியாகமாகாது.

இங்கே வீட்டிலிருப்போருக்கும் ஒரு வார்த்தை. "போதும்" என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். அவர் அனுப்பும் ஒவ்வொரு திர்ஹமும் 45 பாகை வெயிலிலோ, வேறொருவர் வீட்டு அடுப்படியிலோ உருகிய நேரம். அதைக் கொண்டு பசி தீர்ந்தால் நல்லது. பள்ளிப் படிப்பு நடந்தால் மிக நல்லது. சாமத்தியச் சடங்குக்கு மண்டபமும் வாணவேடிக்கையும் எடுத்தால், அவருடைய வாழ்வின் சில மாதங்களை ஓர் இரவில் கொளுத்திவிட்டோம் என்பதை உணர வேண்டும். கேட்கும் கை குறுகினால் மட்டுமே உழைக்கும் கால் ஊர் திரும்பும்.

அங்கேயும் வாழ்வதற்கு

அப்படியானால் போகிறவர் என்ன செய்ய வேண்டும்? அங்கே கழியும் நாளும் இறைவன் தந்த நாளே என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். புறப்படுமுன், "இதற்காகப் போகிறேன், இது நிறைவேறினால் திரும்புவேன்" என்று மனைவியோடும் பெற்றோரோடும் பேசி ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. தாளில் எழுதிய அளவு மனதில் எழுதிய அளவைப் போல எளிதில் நீளாது.

போன இடத்தில் நல்ல விருந்தினராக இருங்கள். நோன்பு மாதத்தில் நோன்பிருப்போருக்கு மதிப்புக் கொடுங்கள். மதத்தையோ ஆட்சியாளரையோ பழித்து எழுதுவது அங்கே குற்றமாகும். இங்கே மருந்துக்கடையில் வாங்கும் சில மாத்திரைகளுக்கு அங்கே முன்னனுமதி தேவை என்பதையும் மறவாதீர்கள். டுபாயின் மரியன்னை ஆலயம், ஆட்சியாளர் ஷேக் ராஷித் வழங்கிய காணியில் 1967இல் எழுந்தது. தமிழிலும் திருப்பலி நடைபெறும் அந்த ஆலய முற்றத்தில் எத்தனையோ நாட்டவர் தோளோடு தோள் நிற்கிறார்கள். தனிமையை அறைக்குள் பூட்டி வைத்திருப்பவர் அங்கே போனாலே பாதி நோய் தீரும்.

இறுதியாக ஒன்று. அதே நகரில் எம்மவர் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் இருக்கிறார்கள். எம்மவரே கட்டடத் தொழிலாளராகவும் பணிப்பெண்களாகவும் இருக்கிறார்கள். ஊரில் ஒரே கிணற்றில் நீர் அள்ளியவர்கள் அங்கே ஒருவரையொருவர் காண்பதில்லை. அரபு எசமான் தன்னைக் கையாக மட்டும் பார்க்கிறான் என்று குறைப்படும் தமிழ் உத்தியோகத்தர், தன் வீட்டில் பாத்திரம் கழுவும் பெண்ணின் பெயரைச் சொல்லி அழைக்கிறாரா? அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்கிறாரா? அந்நியனாக இருப்பதன் வலியை அறிந்தவனுக்கே அந்நியனைக் காக்கும் கடமை முதலில் வருகிறது.

ஆகவே, போக வேண்டியிருந்தால் துணிவோடு போங்கள். அளவு தெரிந்து போங்கள். போன இடத்திலும் மனிதராக வாழுங்கள். கூலிக்குக் கொடுப்பது உங்கள் உழைப்பாக இருக்கட்டும். வாழ்வைக் கூலிக்குக் கொடுக்கவும் முடியாது. பிந்திய திகதிக்கு ஒத்திவைக்கவும் முடியாது.