யாரைப் பார்த்துச் சிரித்தார்?

கல்யாண போட்டோகிராஃபரிடம் இப்போது ‘ட்ரெடிஷனல்’ தனி, ‘கேண்டிட்’ தனி. “கேமராவைப் பார்க்காதீங்க, பேசிக்கிட்டே நடந்து வாங்க” என்று மாப்பிள்ளை பெண்ணைத் திரும்பத் திரும்ப நடக்கவிட்டு எடுப்பதற்குத்தான் இயல்பான படம் என்று பெயர். அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் அப்படி எடுத்த சிரிப்பு அந்தரத்தில் நிற்கிறது. எதிரே யாரும் இல்லை என்பது முகத்தில் தெரிந்துவிடுகிறது.

என் அத்தை சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்வார். உச்சி வெயில் முகத்துக்கு ஆகாது. கண்குழியில் நிழல் கட்டும், நெற்றியும் மூக்கும் வெளுத்துப்போகும். சாயங்கால வெயில் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி ஜன்னல் வழியே வரும்போது சுருக்கங்கள்கூட இதமாகத் தெரியும், கண்மணியில் ஒரு பொட்டு வெளிச்சம் விழும். அந்தப் பொட்டு இல்லாவிட்டால் எந்த முகமும் அரைத்தூக்கத்தில் இருப்பதுபோல்தான் இருக்கும். அத்தையை நகரச் சொன்னால் புடவையைச் சரிசெய்துகொண்டு போஸ் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். ஆகவே நகர வேண்டியவன் நான். ஜன்னலைப் பார்த்து நின்றால் அவர் கரிய உருவம். பக்கவாட்டில் வந்தால் பாதி முகத்தில் ஒளி, மீதியில் மெல்லிய நிழல்.

மொபைலை முகத்தருகே நீட்டினால் மூக்கு பெருத்துவிடும். நாலடி தள்ளி நின்று ஜூம் செய்வது நல்லது. தலைக்குப் பின்னால் காலண்டர் ஆணி முளைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் பழகப் பழக வரும்.

க்ராப் மட்டும் வேறு சங்கதி. ஆள் எழுந்து போன பிறகு, நாம் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை அது. அத்தை படத்தின் ஓரத்தில் ஒரு கை நீண்டிருந்தது, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் கை. மணிக்கட்டோடு நிற்கும் கையை விட்டுவைக்கக் கூடாது என்பது இலக்கணம். வெட்டிப் பார்த்தேன், படம் பளிச்சென்று ஆனது. ஆனால் அத்தை சிரித்துக்கொண்டிருந்தது அந்த அம்மா சொன்ன ஏதோ ஒன்றுக்கு. கை போனதும் அந்தச் சிரிப்பும் அந்தரத்தில் நின்றது, கல்யாணப் படத்தில் நிற்பதுபோலவே.

உலகம் அதிகம் பார்த்த சே குவேராவின் முகமும் வெட்டி எடுத்ததுதான். ஹவானா துறைமுகத்தில் ஆயுதம் ஏற்றிவந்த லா கூப்ர் என்ற கப்பல் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறுநாள், 1960 மார்ச் 5 அன்று நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அல்பெர்தோ கோர்தா எடுத்த படம் அது. மூலத்தில் ஒருபுறம் வேறொருவரின் பக்கவாட்டு முகம், மறுபுறம் பனையோலை. இரண்டையும் நீக்கித்தான் அந்த முகத்தை நிமிர்த்தி வைத்தார் கோர்தா. படமாகப் பார்த்தால் அது சரியான வெட்டு. ஆனால் அந்தப் பார்வை பிணங்களைப் புதைக்கும் நாளின் பார்வை என்பது டீ ஷர்ட்டில் அதை அணிந்து திரிகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெட்டவே கூடாது என்பதும் வீம்பு. எடுத்த சட்டகத்தை அப்படியே அச்சிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோனே, 1932இல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தேங்கிய நீரைத் தாண்டும் படத்தை வெட்டித்தான் வெளியிட்டார். வேலி இடுக்கு வழியே எடுத்ததில் பலகை மறைத்திருந்தது. பலகையை வெட்டலாம். அதனால் தாண்டுகிறவருக்கு ஒன்றும் குறையவில்லை.

நம் குடும்பப் படங்களில் வெட்டுப்படுவது பெரும்பாலும் பலகை அல்ல. பந்தி பரிமாறுகிறவர், பேச்சுவார்த்தை அற்றுப்போன மச்சான், மேடையேறாமல் ஓரமாக நின்ற பெரியம்மா. போஸ் இல்லாத முகம் எப்போதும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த ‘யாரோ’ பல நேரம் இவர்கள்தான். க்ராப் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலத்தை அழிக்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் இருந்தவருக்கு அந்த முழுப்படத்தை அனுப்பிவையுங்கள்.