கொற்றவையின் மான்

வேட்டைக்குரிய தெய்வத்தின் அருகில் மான் நிற்பது முரண் அன்றோ? உரோமானியரின் தயானா வில்லேந்தியவள். நெமி ஏரிக்கரைச் சோலை அவளுக்குரியது. வேட்டுவர்க்கும் விலங்குகட்கும் அவளே தலைவி. நம் கொற்றவையும் அத்தகையளே. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில், எயினர்குலக் குமரி கொற்றவைக் கோலம் பூண்டு கலைமான்மீது அமர்கிறாள். மாமல்லபுரத்து வராக மண்டபத்திலும் அன்னையின் இருபுறத்தும் சிங்கமும் மானும் உள்ளன.

கொல்பவன் காப்பவளை வணங்குவது ஏன்? நாளையும் காடு வேண்டும் என்பதை எயினன் அறிவான். எடுத்த உயிருக்கு ஒரு தெய்வத்தின்முன் விடை கூற வேண்டும் என்ற அச்சமே அவன் வேட்டைக்கு எல்லையாயிற்று எனக் கொள்ளலாம்.

நாம் வாழும் ஐதராபாத்தில், நிஜாமின் வேட்டைக்களமாயிருந்த நிலம் 1975இல் மகாவீரர் பெயரால் வெளிமான்களின் புகலிடமாயிற்று. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. ஆயினும் 2025இல் காஞ்ச கச்சிபௌலியில், மானும் மயிலும் திரிந்த 400 ஏக்கர் நிலத்தில் இயந்திரங்கள் மரங்களை வீழ்த்தியபோது, உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்க நேர்ந்தது.

வேடன் ஒரு மானைக் கொன்றான். வில்லெடுக்காத நாமோ மானினம் வாழும் இடத்தையே அழிக்கிறோம். கொல்லாமை என்பது கையில் குருதி படியாமை மட்டுமன்று. பிற உயிர்க்கு இடம் விடுதலுமாகும். ஊர்விட்டு வந்து இந்நகரில் மனை தேடும் நாம், அம்மனை எவ்வுயிரின் இடம் என்று ஒருமுறை வினவுதல் வேண்டும். எயினனைத் தடுத்த அச்சம் நம்மிடம் இல்லையெனில், அறிவேனும் நம்மைத் தடுத்தல் வேண்டும்.