தொடாமல் விடும் கை

குடியாத்தம் என்றால் கைலியும் தீப்பெட்டியும். பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் போனால் தோல். இந்தச் சீமையில் செத்த மாட்டுக்கும் விலை உண்டு. உண்ணி கடித்த தடம், அம்மை வடு, சூடு போட்ட தழும்பு, உரிக்கையில் கத்தி பட்ட கீறல் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தே ரகம் பிரித்துவிடுவார்கள். அதே மாடு உயிரோடு நிற்கும்போது பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

அந்தக் குறையை நிரப்பத்தான் கால்நடை ஆய்வாளர், பராமரிப்பு உதவியாளர் என்று ஆட்களைப் பழக்குகிறார்கள். மருத்துவர் ஆக ஐந்தரை ஆண்டு படிக்க வேண்டும். உதவிக்கு வருபவருக்கு 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் அளந்து கொடுத்திருப்பது 'சிறு சேவைகள்': தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டு, அரசு குறிப்பிடும் வேறு சில முதலுதவிகள். அதுவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில். நள்ளிரவில் தலை மடங்கி வயிற்றுக்குள் சிக்கிக்கொள்ளும் கன்றுக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாது. ஊரும் அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறது. முதல் வாரம் கூசும், பிறகு பழகிவிடும்.

கை பழகுவது எளிது. மூக்கணாங்கயிற்றை எங்கே பிடிப்பது, பின்னங்காலுக்கு எவ்வளவு தள்ளி நிற்பது, ஐஸ் பெட்டி சூடேறாமல் எப்படிக் கொண்டுபோவது என்பதெல்லாம் பத்து மாட்டிடம் வந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் தனிப் பயிற்சி வேண்டும்.

அடைப்பான் நோய் அப்படிப்பட்டது. நேற்று மேய்ந்த மாடு காலையில் விழுந்து கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம். அதை அறுக்கக் கூடாது, உரிக்கக் கூடாது. மூடிய உடலுக்குள் அழுகலில் அந்தக் கிருமி மடிந்துவிடும். கத்தி பட்டுக் காற்று படுமானால் விதை போல உறை கட்டிக்கொண்டு மண்ணில் பல்லாண்டு கிடக்கும்; உப்புப் போட்ட தோலிலும் சாகாது, உரித்தவர் கையிலேயே புண்ணாக வரும். ஆகவே காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பூசி அனுப்புவதோடு சரி. பிறகு ஆழக் குழி, சுண்ணாம்பு.

இதற்கான தடுப்பூசி பக்கத்து ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. வெக்கை நோய்க்குச் சீரம் எடுக்க 1932இல் தொடங்கிய நிலையம் அது. அந்த நோயே 2011இல் உலகை விட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர் அடியோடு ஒழித்த நோய் அது ஒன்றுதான். ஊர் ஊராகப் போய் ஊசி போட்டவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. சட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயர் சிறு சேவை.

தோலுக்கு விலை தெரிந்த ஊரில், தோலோடு ஒரு மாட்டைக் குழியில் தள்ளச் சொல்ல வேண்டியவர் இந்த உதவியாளர். சொல்வதற்கு அவரிடம் இருப்பது ஓர் அடையாள அட்டையும், பயிற்சியில் கேட்டதும். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்காத வழக்கம் நம்முடையது. கயிற்றோடு லட்சுமியும் போய்விடுவாள் என்பார்கள். குழியோரத்தில் அந்த வீட்டம்மா கேட்பது அதைத்தான்.

"கயித்தையாவது அவுத்துக்கறேனே, தம்பி."

இன்றைக்கு அவர் டாக்டர் இல்லை.

"வேணாம்மா. அதுவும் உள்ளயே போகட்டும்."