பிளவின் வழியே ஒளி: அநேகாந்தம் உணர்த்தும் கடமை

ஒளி நேராகவே செல்லும் என்பது பள்ளிப் பாடம். அஃது எந்நிலையிலும் உண்மையாகுமா? இவ்வினா அறிவியலார்க்கு மட்டும் உரியதன்று. அநேகாந்தத்தைப் போற்றும் நமக்கும் உரியது.

பண்டு தகடூர் என வழங்கிய தருமபுரியில் சமணப் பள்ளி விளங்கியதை 9ஆம் நூற்றாண்டு நுளம்பர் காலக் கல்வெட்டு உணர்த்துகிறது. இன்று அவ்வூர்த் தெருவிளக்கு ஒன்றே இவ்வினாவிற்கு விடை கூறும். இரு பென்சில்களை நிமிர்த்திச் சேர்த்துப் பிடித்து, நடுவிலுள்ள மெல்லிய பிளவின் வழியே தொலைவிலுள்ள விளக்கை நோக்குக. ஒளி இருபுறமும் விரிந்து, இடையிடையே இருட்கோடுகளும் தோன்றும். பிளவைக் குறுக்கினால் ஒளி குறுகுவதில்லை, மேலும் விரிகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 625 தடங்கள் கொண்ட இசைக் குறுந்தகடு கீற்றணியாக நின்று ஒளியை வண்ணங்களாகப் பிரித்துக் காட்டும். கதிரவனை மட்டும் இவ்வாறு நோக்குதல் கூடாது.

இதனை விளிம்பு விளைவு என்பர். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சி.வி. இராமன் 1906இல் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரையும் இதனைப் பற்றியதே.

ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஆதலின் அகன்ற வாயிலில் அது நேராகச் செல்வதாகவே காண்கிறோம். குறுகிய பிளவில் அதன் விரிவு புலனாகிறது. நேராகச் செல்லும் என்பது ஒரு நயம்; விரியும் என்பது மற்றொரு நயம். இரண்டும் தத்தம் எல்லைக்குள் மெய்யே.

ஆயின், "அவரவர் சொல்வது அவரவர்க்குச் சரி" என்பதே அநேகாந்தம் எனச் சிலர் கருதுகின்றனர். அது பொருந்தாது. பிளவைக் குறுக்கினால் விரிவும் குறுகும் என்று ஒருவர் கூறின், எந்த நயத்தாலும் அது மெய்யாகாது. இரு பென்சில்களே அதனை மறுத்துவிடும். 'சியாத்' என்னும் சொல் ஐயத்தைக் குறிப்பதன்று. 'ஒருவாற்றால்' என எல்லை வகுப்பது.

பாகப் பிரிவினையில் தமையன் தன் உழைப்பை எண்ணுவான். தம்பி சம உரிமையை எண்ணுவான். இருவர் நோக்கையும் கேட்பது அறம். ஆனால் பத்திரத்தைத் திருத்தியவன் செயல் ஒரு நயமன்று, பொய். அங்கு "இருபுறமும் உண்மை உண்டு" என்று பெரியோர் ஒதுங்கி நிற்பின், இழந்தவனுக்கு அதுவே ஹிம்சையாகும்.

எந்நிலையில், எவ்வளவில் என வினவுதல் சியாத்வாதத்தின் முதற்படி. வினவித் தெளிந்தபின் பொய்யைப் பொய்யென உரைத்தலும் அதன் கடமையே.