'மனசு கேட்கவில்லை' என்பது மார்க்கமா?

ரமளான் பிறை தென்படுவதற்குப் பத்துப் பதினைந்து நாட்கள் இருக்கும்போதே நம்மிடம் ஒரு கேள்வி வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். "ஹஜ்ரத், நமக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டர் நோன்பு வேண்டாம் என்கிறார். ஆனால் மனசு கேட்கவில்லை" என்பார்கள். உண்மையில் இது கேள்வியன்று. முடிவைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்கு ஓர் ஆலிமின் 'ஆமீன்' மட்டுமே அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

அந்த ஆமீனை நாமும் ஒரு முறை சொல்லியிருக்கிறோம். மதரஸாவிலிருந்து வெளிவந்து இமாமத்தில் சேர்ந்த புதிது. 2016-ஆம் ஆண்டு ரமளான் ஜூன் மாதத்தில் வந்தது. பஜ்ரிலிருந்து மக்ரிப் வரை ஏறத்தாழ 14 மணி நேரம். நம் மஹல்லாவின் முதல் ஸஃப்பில் நிற்கும் பெரியவர் ஒருவர் இதே சொற்களைக் கூறினார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "நிய்யத்தை வையுங்கள், அல்லாஹ் சக்தி தருவான்." என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஏன் டாக்டர் தடுத்தார் என்று ஒரு வார்த்தைகூட நாம் கேட்கவில்லை.

பிறகு அவருடைய மகன் வந்து சொன்னதைத்தான் எழுதுகிறோம். "அத்தா காலை மாத்திரையை ஸஹரில் போட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டு வாய் தயிர்ச்சோற்றோடு எழுந்துவிட்டார்கள். அஸருக்குப் பிறகு உடம்பெல்லாம் வேர்த்தது, கை நடுங்கியது. சர்க்கரைத் தண்ணீர் கொண்டு போனோம். 'இன்னும் இரண்டு மணி நேரந்தானே' என்று தட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் பேச்சுக் குழறிப் போய்விட்டது." அந்தப் பெருநாளை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்தார். அல்லாஹ்வின் கிருபையால் உயிர் தப்பினார். அவர் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுதான் இன்றளவும் உறுத்துகிறது.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவத்தை மதரஸாவில் ஓதியிருந்தோம். பயணத்தில் ஒருவருக்குக் கல்பட்டுத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று தோழர்களிடம் கேட்கிறார். தண்ணீர்தான் இருக்கிறதே, உமக்குச் சலுகை கிடையாது என்கிறார்கள். அவர் குளித்தார், மரணமடைந்தார். செய்தி எட்டியபோது நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், அவரைக் கொன்றுவிட்டார்களே என்று வருந்திக் கண்டித்தார்கள். தெரியாதவர்கள் கேட்டிருக்க வேண்டாமா என்றும் வினவினார்கள். தயம்மும் பாடத்தில் இந்த ஹதீஸை மனனம் செய்த நமக்கு, அது மஹல்லாவில் மாத்திரைச் சீட்டோடு எதிரில் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை!

இனி 'மனசு கேட்கவில்லை' என்பதை ஆராய்வோம். கேட்காத அந்த மனது எது? ஈமானா, நஃப்ஸா? அல்பகரா அத்தியாயத்தில் நோன்பைக் கடமையாக்கிய ரப்பு, 184-ஆம் வசனத்தில் நோயாளிக்குச் சலுகை தருகிறான். அடுத்த வசனத்திலேயே அதை மீண்டும் கூறி, அவன் நமக்கு நாடுவது இலகுவையே என்றும் அறிவிக்கிறான். கட்டளை வந்த வாயிலிலேயேதான் சலுகையும் வந்திருக்கிறது. ஒன்றைத் தலைமேல் ஏற்று மற்றொன்றை, 'இது பலவீனர்களுக்கு, எனக்கன்று' என்று ஒதுக்குபவர் யாருடைய சொல்லுக்கு வழிபடுகிறார்?

ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றிப் பயணம் ரமளானில் நடந்தது. குராஉல் ஃகமீம் என்ற இடத்தில், மக்கள் நோன்பினால் சிரமப்படுவதை அறிந்த நபி (ஸல்) அவர்கள் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கி, எல்லோரும் காணும்படி உயர்த்தி அருந்தினார்கள். அதன் பின்னும் சிலர் நோன்பை விடவில்லை என்று தெரிந்தபோது அவர்களை மாறு செய்தவர்கள் என்றே குறிப்பிட்டார்கள். முஸ்லிம் ஷரீஃபில் காணப்படும் செய்தி இது. அவர்கள் அன்று ஒரு பாவத்தையும் செய்யவில்லை, நோன்புதான் வைத்திருந்தார்கள்!

நம் ஊர்களில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. அதை மறைப்பானேன்? 'நாற்பது வருடம் விடாமல் பிடித்தவன், இன்று பகலில் தண்ணீர் குடித்தால் பேரன் என்ன நினைப்பான், ஜமாஅத்தார் என்ன பேசுவார்கள்' என்ற வெட்கம். பிறர் பார்க்க அமல் செய்வது ரியா என்றால், பிறர் பார்ப்பார்களே என்று அல்லாஹ் தந்த சலுகையை மறுப்பதற்கு என்ன பெயர் வைப்பது? பழியில் பாதி ஊருக்கும் உண்டு. பகலில் மாத்திரை போடும் கிழவரை ஒரு மாதிரியாகப் பார்க்கும் கண்கள்தாம் அவரை ஸஹரில் மாத்திரையை விழுங்கவோ அடியோடு விட்டுவிடவோ தூண்டுகின்றன.

ஆனால் இதைப் படித்துவிட்டு, 'எனக்கும் கொஞ்சம் சர்க்கரை உண்டு' என்று தேநீர்க் கடைக்குள் நுழைபவருக்காக நாம் எழுதவில்லை. உணவுக் கட்டுப்பாட்டினாலோ மெட்ஃபார்மின் போன்ற மாத்திரையாலோ சர்க்கரை அடங்கியிருக்கும் பலர் டாக்டரின் யோசனையோடு நோன்பு நோற்கலாம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கிளிபென்கிளமைட், கிளிமிபிரைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிற்றில் உணவு இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. இன்சுலின் ஊசியும் அப்படித்தான். நம் நாடு உள்ளிட்ட 13 நாடுகளில் 2001-ல் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களுக்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்வு மற்ற மாதங்களைவிட ரமளானில் ஏழரை மடங்காக இருந்தது தெரிய வந்தது.

ஆகவே ரஜபிலோ ஷஃபானின் தொடக்கத்திலோ டாக்டரிடம் போய்விட வேண்டும். எந்த மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றுவது, எதை ஸஹரில் குறைப்பது என்பது அவர் வேலை. நாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. தோலுக்கடியில் போடும் ஊசியாலும் முறியாது. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதைத் தெளிவுபடுத்திவிட்டது. சோதனையில் 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ மக்ரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். ஸஹரைப் பிற்படுத்துவதும் இஃப்தாரை விரைவுபடுத்துவதும் சுன்னத் என்று நாம் மிம்பரில் சொல்கிறோம். அதையேதான் அவர்களும் சொல்கிறார்கள். பேரீச்சம்பழம் ஒன்று போதும், கஞ்சி ஒரு கோப்பை போதும். வாடாவும் சம்சாவும் ரோஸ்மில்க்கும் எந்தக் கிதாபிலும் இஃப்தாரின் ஷர்த்தாக வரவில்லை!

விட்ட நோன்புக்கு உடனே ஃபித்யா கொடுத்து முடித்துவிடுவதிலும் அவசரம் கூடாது. குணமாகும் நம்பிக்கையற்று, எக்காலத்திலும் நோற்க இயலாதவருக்கே ஃபித்யா. ஷாஃபியீ மத்ஹபில் அது நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம், ஹனஃபியில் ஒரு ஃபித்ராவின் அளவு. ஜூனில் தொடர்ந்து முப்பது நாள் முடியாதவருக்குப் பகல் குறுகிய டிசம்பரில் இடைவெளி விட்டு நோற்க முடியலாம். முடியுமானால் அவருக்குக் களாவே கடமை.

பெருநாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று நோன்பு ஹராம் என்றால், அளவின்றி உண்பது ஃபர்ளு என்று பொருளா? மாதமெல்லாம் மாத்திரையை மக்ரிபுக்குப் போட்டுப் பழகியவர் பெருநாள் காலை அதை மறந்து, சேமியாவும் வட்டிலப்பமும் உண்டு, பகலில் நெய்ச்சோற்றுக்கு அமர்கிறார். போகும் வீட்டிலெல்லாம் "ஒரு நாள்தானே மாமா" என்று அன்புத் தொல்லை வேறு. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளந்தான். அவர் வேண்டாம் என்று கையை வைத்து மறைத்த தட்டில் மேலும் ஒரு கரண்டி போடுவது எந்தக் கண்ணியத்தில் சேரும்?

அந்தப் பெரியவருக்கு டாக்டர் மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தார். ரமளானில் அவர் நோன்பு வைப்பதில்லை. அஸருக்கு வந்து கஞ்சிக் கோப்பைகளைக் கழுவி அடுக்குவது அவர் பொறுப்பு. டாக்டரின் அனுமதியோடு குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு களா நோற்கிறார். ஒரு நாள் ளுஹருக்குப் பிறகு பள்ளியிலேயே விரலில் குத்திப் பார்த்தார். 68 என்று காட்டியது. நம் முகத்தைக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து வாயிலிட்டார். அந்த நோன்பை மறுவாரம் பிடித்தார்.